குப்பை வண்டிச் செய்திகள்

எங்கள் பேரூராட்சியில் எது நடந்தாலும் முதலில் செலினாவுக்குத் தெரியும், அப்புறம் ஊருக்குத் தெரியும், கடைசியாக எனக்குத் தெரியும். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக இந்த ஊரின் பத்திரிகை நிருபர் நான். செலினா குப்பை வண்டி ஓட்டுகிறவர்.

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கவுன்சிலர்கள் பதினைந்து பேரும் என் கடைக்கு வந்துவிடுவார்கள், அதுவும் ஜெராக்ஸ் எடுக்க அல்ல. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை பக்கத்தில்தான். அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் மெயின் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். மேற்கே கல்வராயன் மலை தெரியும். புதன்கிழமைச் சந்தைக்கு மலைக்காரர்கள் கடுக்காயும் புளியும் கொண்டுவருவார்கள். இவ்வளவு போதும். பேரூராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. செய்தி தானாக வந்து மடியில் விழும் இடம் என்றுதான் அங்கே கடை போட்டேன். விழுந்ததெல்லாம் தூசிதான்.

செலினாவுக்கு நாற்பத்தொரு வயது. பத்தாவது படித்தவர். வீடு அந்தோணியார் கோயிலுக்குப் பின்னால். கணவர் பிலிப்புக்கு ஆலையில் அரவைக் காலத்தில் மட்டும் வேலை. மகள் நான்சி கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிக்கிறாள். குடும்பம் ஓடுவது பேட்டரி வண்டி வேலையில்தான். அதுவும் நிரந்தரம் இல்லை. மேலே இருக்கும் யாராவது ஒருவர் "நாளைலேர்ந்து வர வேணாம்" என்றால் தீர்ந்தது.

அந்த வண்டியில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. குப்பையைப் பிரித்துக் கொடுங்கள் என்று ஒரே பாட்டை ஊர் முழுக்கப் போட்டுக் காதைத் துளைப்பதற்காக வைத்தது. கூடவே ஒரு மைக்கும் தொங்கியது. எதற்கு என்று யாருக்கும் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பென் டிரைவ் கெட்டுப்போய்ப் பாட்டு நின்றுவிட்டது. அன்றைக்கென்று பார்த்து, தண்ணீர் திறந்துவிடுகிற கண்ணாயிரம் வழியில் செலினாவைப் பார்த்து, மோட்டார் எரிந்துபோச்சு, இரண்டு நாளைக்குத் தண்ணீர் வராது என்று புலம்பியிருக்கிறார். செலினா மைக்கை எடுத்தார். "அக்கா, அம்மா, இருக்குற தண்ணிய பாத்து செலவு பண்ணுங்க, ரெண்டு நாளைக்கு வராது" என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். அன்று ஊரில் யாரும் காலிக் குடத்தோடு அலுவலகத்துக்கு வந்து சத்தம் போடவில்லை. செயல் அலுவலருக்கே அது அதிசயம். புதுப் பென் டிரைவ் வாங்குவதை அப்படியே மறந்துவிட்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டதும் செலினா நேராக அறிவிப்புப் பலகைக்குப் போவார். கண்ணாடிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தி வைத்திருக்கும் சுற்றறிக்கைகளை ஒன்று விடாமல் படிப்பார். ஊரில் அதைப் படிக்கிற ஒரே ஆள் அவர்தான். அதை ஒட்டுகிற குமாஸ்தாகூடப் படிப்பதில்லை. புரியாததை உள்ளே போய்க் கேட்பார். தண்ணீர் விஷயத்தைக் கண்ணாயிரத்திடம் கேட்பார். மாரியம்மன் கோயில் பூசாரியிடமும் அந்தோணியார் கோயில் உபதேசியாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். பிறகு வண்டி கிளம்பும்.

"அக்கா, அம்மா, குப்ப வண்டி வந்திருக்குது. மொதல்ல தண்ணி. அஞ்சாவது வார்டுக்கு இன்னிக்கு இல்ல, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு. வியாழக்கெழம கல்யாண மண்டபத்துல பட்டா முகாம். ஆதாரு, பத்திரம், ரெண்டுத்தையும் ஜெராக்ஸோட எடுத்துகினு போங்க. வெள்ளிக்கெழம மாரியம்மனுக்குக் கூழு. ஞாயித்துக்கெழம அந்தோணியாருக்குக் கொடியேத்தம். ஈரக் குப்ப பச்ச டப்பா, காஞ்ச குப்ப நீல டப்பா."

அந்தக் குரலைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் படித்துப் பழகிய குரல். எங்கே நிறுத்த வேண்டும், எதை இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்று தெரியும். எங்கள் கவுன்சிலர்களில் பாதிப் பேர் மைக்கைக் கண்டால் அதைத் தின்றுவிடுவது போலக் கத்துவார்கள். செலினா பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுகிற மாதிரி பேசுவார், மூன்றாவது வீட்டு மாடி வரைக்கும் கேட்கும்.

இன்னொன்றும் உண்டு. தனக்கே நேரில் தெரியாததை அவர் தன் வார்த்தையாகச் சொல்லவே மாட்டார். "திங்கக்கெழம கால்வா வேல ஆரம்பிக்கிறதா ஆபீஸ்ல சொல்றாங்க" என்பார். அந்தச் 'சொல்றாங்க'வைக் கேட்டதுமே ஜனங்கள் சிரித்துவிட்டு, திங்கட்கிழமையை நம்பாமல் இருந்துகொள்வார்கள். இருபத்தாறு வருஷம் எழுதி நான் கற்றுக்கொள்ளாத வித்தை இது. எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் அந்த 'ஜெராக்ஸோட' என்ற ஒரு வார்த்தையால் என் கடையில் கூட்டம் சேர்ந்ததை மறைத்தால் எனக்குச் சோறு கிடைக்காது.

சாவுச் செய்தியைக் கடைசியில் சொல்வார். அதற்கு முன் வண்டியை நிறுத்திவிடுவார். இறந்தவர் பெயர், தெரு, எப்போது எடுக்கிறார்கள், பிறகு அவரைப் பற்றி நல்லதாக ஒரே ஒரு வரி. கல்லைப் போன்ற மனுஷனுக்கும் ஒரு வரி கண்டுபிடித்துவிடுவார்.

இனிமேல் சொல்லப்போவதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

மேலத்தெரு நாராயணசாமி பெரிய விவசாயி. எண்பத்திரண்டு வயது. மகன் இளஞ்செழியன் அந்த வார்டு கவுன்சிலர். போன ஆவணியில் பெரியவர் மூச்சுத் திணறிப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். பத்தாம் நாள், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஆம்புலன்ஸ் கிளம்பும்போதே இங்கே போன் வந்துவிடும். பங்காளிகள் வாசலைக் கூட்டி, சாமியானா போட்டு, நாற்காலி இறக்கி, ஐஸ் பெட்டிக்காரரிடமும் சொல்லி வைத்துவிடுவார்கள். முகூர்த்த நாளாக இருந்தால் பிறகு பந்தல் கிடைக்காது. எங்கள் ஊரில் எமனுக்கு முன்னால் பந்தல்காரருக்குத் தகவல் போய்விடும்.

பேப்பர் ஏஜென்சியும் என்னுடையதுதான்; அன்று காலை ஐந்தரைக்குக் கட்டு எடுக்கச் சைக்கிளில் போனவன் மேலத்தெரு வழியாகத் திரும்பினேன். பந்தல் போட்டிருந்தது. நாற்காலிகள் இறங்கியிருந்தன. உள்ளே இரண்டு பெண்கள் அழும் சத்தமும் கேட்டது. இறங்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கும்போது செலினா வண்டியோடு வந்தார்.

"நிருபரண்ணா, மேலத்தெருவுல பந்தல் போட்டிருக்காங்களாமே, பெரியவரு இன்னா ஆனாரு?"

"முடிஞ்சுபோச்சும்மா. விடியக்காலம் மூணு மணிக்கு" என்றேன்.

மூணு மணி என்பதை நானே போட்டுக்கொண்டேன். நேரம் இல்லாத செய்தி அரைச் செய்தி என்பது என் தொழில் புத்தி. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

செலினா எட்டுத் தெருவில் சொன்னார். "மேலத்தெரு நாராயணசாமி ஐயா இன்னிக்கு விடியக்காலம் மூணு மணிக்குக் காலமாயிட்டாரு. யாரு வூட்டுக் கல்யாணம்னாலும் மொத ஆளா வந்து பந்தல்ல உக்காந்தவரு." அன்று அதில் 'சொல்றாங்க' இல்லை. நிருபரே நேரத்தோடு சொல்லிவிட்டார், அது உறுதி என்று நினைத்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஒன்பதாவதாக மேலத்தெருவுக்குள் வண்டி திரும்பும்போது அங்கே மாலையோடு முப்பது பேர் நின்றிருந்தார்கள். பெரியவர் உள்ளே கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து, காபியில் சர்க்கரை கம்மி என்று மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து நடந்த மன்றக் கூட்டத்தில் இளஞ்செழியன் எழுந்து நின்று பொரிந்து தள்ளினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

"எங்க அப்பா உசுரோட இருக்கச் சொல்ல ஊரு முச்சூடும் செத்துட்டாருன்னு சொல்லிகினு போவுது இந்தம்மா. எங்க அத்த திருநாவலூர்லேர்ந்து நெஞ்சுல அடிச்சிகினு வந்து எறங்குது. குப்ப வார்ற வண்டிக்கு மைக்கு எதுக்கு? இந்தம்மாவுக்கு வேலதான் எதுக்கு?"

செலினா கதவோரம் நின்றிருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. செயல் அலுவலர் அவரைப் பார்த்தார். "மூணு மணின்னு டைமோட சொல்லியிருக்கீங்க. உங்களுக்கு யார் சொன்னது?"

நான் பத்திரிகையாளர் நாற்காலியில் இருந்தேன். கையில் பேரூராட்சி வாங்கிக் கொடுத்த டீ. என் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தேன்.

"யாரையும் சொல்றதுக்கு இல்லீங்க சார். பாக்காம கொள்ளாம சொன்னது நான்தான். என் தப்பு" என்றார் செலினா.

மைக்கைப் பிடுங்கி அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டுவது, புதுப் பென் டிரைவ் வாங்கிப் பழைய பாட்டையே போடுவது, இன்னொரு புகார் வந்தால் வேலையை விட்டு நிறுத்துவது என்று முடிவானது. எல்லோரும் அடுத்த பொருளுக்குப் போகப் பார்த்தார்கள். செலினா நகரவில்லை.

"சார், ஒரே ஒரு நாளு மட்டும் மைக்கு குடுங்க. எந்தெந்தத் தெருவுல சொன்னேனோ அங்கல்லாம் போய்த் தப்புன்னு சொல்லிட்டு வந்துடுறேன். அப்பறமா எடுத்துக்கோங்க."

இந்த ஊரில் கட்டிய மூன்றாம் மாதம் இடிந்த பாலம் உண்டு, தண்ணீர் ஏறாத தொட்டி உண்டு. தப்பு என்று தெருவில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என யாரும் அந்த மன்றத்தில் இதற்கு முன் கேட்டதில்லை. சரி என்றார்கள்.

கூட்டம் முடிந்ததும் கடை வாசலில் அவரை மறித்தேன். "என் பேரச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்க என் ஒருத்திகிட்டதான சொன்னீங்கண்ணா? ஊருக்குச் சொன்னது நான். மைக்கு என் கையிலதான இருந்துது?" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அதே வரிசையில் எட்டுத் தெருவுக்கும் போனார். நானும் சைக்கிளில் பின்னாலேயே போனேன், செய்தி சேகரிக்கிற மாதிரி. "நாராயணசாமி ஐயா நல்லா இருக்காரு. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. சரியா விசாரிக்காம சொல்லிட்டேன். மாலையோட அலைஞ்சவங்க, பஸ்ஸேறி வந்தவங்க, எல்லாரும் என்ன மன்னிக்கணும்." எட்டு இடத்திலும் ஒரு வார்த்தை மாறவில்லை. சில வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில், இனிமே உன் பேச்ச எவன் கேப்பான் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு, குப்பையை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மேலத்தெருவில் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. நாராயணசாமி அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செலினா வண்டியை நிறுத்தி, மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்து கை கூப்பினார்.

"மன்னிச்சிடுங்கய்யா."

"இன்னாத்துக்கு? நீ சொன்னது சரிதாம்மா, தேதிதான் முன்ன பின்ன ஆயிப்போச்சு" என்றார் பெரியவர். தெருவே சிரித்தது. இளஞ்செழியன் மட்டும் உள்ளே போய்விட்டார். அன்று மாலை மைக் பீரோவுக்குப் போனது.

அதற்குப் பிறகு வண்டியில் அந்தப் பாட்டுதான். ஊர் ஊமையானது. தண்ணீர் வந்து, பிடிக்க ஆளில்லாமல் சாக்கடையில் ஓடியது. விதவைப் பென்ஷன் முகாமுக்குப் பதினோரு பேர்தான் வந்தார்கள். ஏழாவது வார்டு ஜெயசுதா முகாம் நடந்ததே தெரியாமல், இரண்டு பஸ் மாறித் தாலுகா ஆபீசுக்கு அலைந்துவிட்டு என் கடையில் வந்து உட்கார்ந்தார். பேப்பரில் போட்டிருந்தேனே என்றேன்.

"உங்க பேப்பரு முகாம் முடிஞ்ச மறுநாள்தாங்க வருது" என்றார்.

இரண்டு தடவை செயல் அலுவலர் அறை வாசல் வரை போனேன். சார், அந்த மூணு மணி என்னுடையது என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். இரண்டு தடவையும் வேறு ஏதோ விவரம் கேட்டுவிட்டுத் திரும்பினேன். செலினா தினமும் கடையைத் தாண்டிப் போகும்போது, "வணக்கங்கண்ணா" என்று எப்போதும் போலச் சொல்வார். அவர் அப்படி இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

மைக்கைப் பூட்டிய இருபத்து நான்காம் நாள் காலை. செலினா என் கடைக்கு அடுத்த வீட்டில் குப்பை வாங்கிக்கொண்டிருந்தார். இளஞ்செழியன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது, கண் சிவந்திருந்தது. கையில் அந்த மைக். பீரோவிலிருந்து அவரே வாங்கி வந்திருக்கிறார்.

"அப்பா போயிட்டாருங்க. ஆறேகாலுக்கு" என்றார் செலினாவிடம்.

செலினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நீங்கதாங்க சொல்லணும். எல்லாருக்கும் போன் பண்ணிட்டேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க. போன தபா மாதிரிதானான்னு கேக்குறாங்க. எங்க அத்தயே பஸ்ஸேற மாட்டேங்குது. அன்னிக்குத் தப்புன்னு வந்து சொல்லிச்சே அந்தம்மா, அது வந்து சொல்லட்டும், அப்ப நம்புறோம்ன்றாங்க."

மைக்கைக் கேட்டு வாங்குவார், வண்டியைக் கிளப்புவார் என்று நினைத்தேன். செலினா கையுறையைக் கழற்றினார்.

"ஐயாவ ஒரு தபா நேர்ல பாத்துட்டுச் சொல்றேங்க."

செத்துப்போனது தன் அப்பா என்று சொல்லி நிற்கும் மகனிடம், அதுவும் அந்த வார்டு கவுன்சிலரிடம், பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்கிறார். வேலையே போனாலும் போகும். இளஞ்செழியன் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

"வாங்க" என்றார்.

மேலத்தெருவுக்கு வண்டியிலேயே போனார். நானும் போனேன். பந்தல் நிறைய அந்தத் தெரு ஆட்கள். பன்னிரண்டு வருஷமாகச் செலினா அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார், கொல்லைப்புறச் சந்துக்கு. வாசல் படியை அவர் ஏறியதில்லை, ஏறச் சொன்னவரும் இல்லை. அவர் அப்படியே சந்துப் பக்கம் திரும்பப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் வேணாங்க. இப்பிடி வாங்க" என்று இளஞ்செழியன் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, கூட்டத்தை விலக்கி வழிவிட்டார். பந்தலில் இருந்த இரண்டு மூன்று பேர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

செலினா வாசல் குழாயில் கை கால் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டார். முதல் படியில் கால் வைத்தவர் நின்று திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் ஒரு தூணுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

"நிருபரண்ணா, நீங்களும் வாங்க. ரெண்டு பேருமா பாத்துடலாம்."

அங்கே இருந்த யாருக்கும் அது புரியவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்குப் பின்னால் படியேறினேன்.